குழிக்குள் ஒரு ரோமானிய மீன்

லண்டன் சவுத்வார்க்கில் நான் திறக்கவிருந்த புதுக் கடைக்குப் பின்னால் களஞ்சிய அறை கட்டக் குழி வெட்டியிருந்தோம். கொங்கிரீட் லொறி வாசலில் வந்து நின்றபோதுதான் மேசன் கேதீஸ் என்னைக் கூப்பிட்டுக் கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் ஈரத் துணியால் துடைத்த இடத்தில், நகமளவு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த மீன் ஒன்று தெரிந்தது. அது ரோமர் காலத்து வீட்டுத் தரை.

செய்தி வெளியே போனால் தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள், வேலை மாதக்கணக்கில் நின்றுவிடும். பொங்கலுக்குக் கடை திறப்பதாக எல்லோருக்கும் சொல்லியாயிற்று. லொறிச் சாரதி ஹோர்ன் அடித்தான்.

"மேல ஏறு கேதீஸ். ஊத்தட்டும்."

"ஏலாது அண்ணை."

"ஒருத்தருக்கும் தெரியாதடா."

அவன் மீனின் மேல் கால் படாமல் குழிக்குள்ளேயே குந்தினான். "ஊரில எங்கட வீட்டை இடிச்சு மண்ணால மூடினவங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பாங்கள்."

சாரதிக்குச் சைகை காட்ட உயர்த்திய என் கை அப்படியே நின்றது. எனக்கும் ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தது. லொறியைத் திருப்பி அனுப்பினேன்.

கடை ஆவணியில்தான் திறந்தது. மீன் இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் கீழே, கண்டெடுத்துக் கொடுத்தவர் என்று என் பெயர் இருக்கிறது. மறித்தவன் கேதீஸ் என்றும், மூடச் சொன்னவன் நான் என்றும் அங்கே எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.