பூட்டிய அறைக்கு அடுத்த பக்கம்

ஊசி மடித்த தாள்களின் நடுக்கோட்டில் இறங்கி மறுபக்கம் ஏறியது. நூல் இறுகியதும் விரல் பின்பக்கமாக ஓடி முடிச்சைத் தடவிப் பார்த்தது. அடுத்த மடிப்பை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

மட்டக்களப்பு நகரின் சிறிய அச்சகமொன்றில் புத்தகம் கட்டுபவர் செசீலியா. கோவிலில் கிழிந்து கிடந்த செபப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தே தையலைக் கற்றுக்கொண்டவர். கட்டும் புத்தகத்தில் ஒரு பிரதியை முழுதாக வாசித்துவிடுவார். ஒரு மடிப்பு இடம் மாறியிருந்தால் கதை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

இந்த முறை நாவல். எழுதிய தனுஷியா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். கதையில், வாவிக்கரையில் ஒரு பழைய பெரிய வீடு. இருட்டினால் அதில் ஒரு ஜன்னல் கூடுதலாகத் தெரியும். பூட்டிய அறையிலிருந்து ஈரக் காலடிகள் வெளியே வரும், திரும்பிப் போகாது. செசீலியா பயந்து பயந்து வாசித்தார். தன் வீட்டுப் பின்னறையைக்கூட ஒருதரம் திறந்து பார்த்துக்கொண்டார்.

இன்று கடைசிப் பிரதியைத் தைத்துக்கொண்டே வாசித்தபோது அந்த அறைக்கு வந்து சேர்ந்தார். நாயகி பூட்டில் சாவியைத் திருப்புகிறாள். அடுத்த பக்கத்தில் கொழும்பு பஸ்ஸில் இருக்கிறாள்.

செசீலியா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு மடிப்பு விடுபட்டுவிட்டது. நாளைக்கு வெளியீடு, கையிலிருப்பதைத் தவிர எல்லாப் பிரதிகளும் தைத்தாயிற்று. யோசிக்காமல் இரண்டு பிரதிகளின் தையலை வெட்டினார். மடிப்புகளின் வரிசையைக் காட்ட அவற்றின் முதுகில் படிக்கட்டுப்போல இறங்கும் கறுப்புக் குறிகளில் ஒரு படியும் குறையவில்லை. பக்க எண்களும் சரி. அப்படியென்றால் அச்சுக்கு வருமுன்பே ஓர் அத்தியாயம் தொலைந்திருக்க வேண்டும். உடனே தனுஷியாவுக்குப் போன் எடுத்தார்.

"புள்ள, அவள் சாவியத் திருப்புறாளே, மறுகா என்ன நடக்குது? அந்தப் பக்கங்கள் இஞ்ச வரல்ல."

"அவ்வளவுதான் அக்கா. வாசிக்கிற ஆக்கள் நினைச்சுக்கொள்ளட்டும் எண்டு விட்டுட்டன்."

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு நீ நினைச்சியா?"

செசீலியா போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"எழுதி எழுதிக் கிழிச்சன் அக்கா. என்னத்தப் போட்டாலும் அந்தக் காலடிக்கு ஈடா வரல்ல."

கைத்தவறு இல்லை என்று தெரிந்தும் செசீலியாவுக்கு நெஞ்சு ஆறவில்லை. அத்தனை பயத்தையும் சுமந்துகொண்டு போன தன்னைத் தனுஷியா அந்த அறை வாசலிலேயே விட்டுவிட்டாள். வெட்டிய இரண்டையும் பழைய துளைகளிலேயே ஊசி விட்டுத் தைத்தார்.

மறுநாள் காலை பிரதிகளை எடுத்துப்போகத் தனுஷியா வந்தாள். செசீலியாவின் முகத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கோபமா அக்கா?"

"கோபந்தான். இப்பிடிப் பயப்படுத்தினவள் கதவயும் திறந்திருக்கோணும். உன்ட வீட்ட நம்பி நான் நல்ல தையலையெல்லோ வெட்டிப்போட்டன்!"

தனுஷியாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "வெளியீட்டு மேடையில சொல்லிப்போடாதீங்க."

"மேடையில எனக்கென்ன வேலை? உனக்கிட்டச் சொல்லிப்போட்டன்."

செசீலியா மேலே இருந்த இரண்டு பிரதிகளைத் தனியாக எடுத்தார்.

"இது ரெண்டும் வெட்டித் தைச்சது. ஆருக்கும் குடுக்காத, நீயே வச்சுக்கொள்."

அவற்றை அவள் கையில் வைத்துவிட்டு, மற்றப் பிரதிகளின் கட்டை இரு கைகளாலும் தூக்கி நீட்டினார்.