வெயிலில் கரைந்த மழை அணி

இணையத்தில் ஜெயித்தவர்களின் அணியை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? விளாங்குடி பஸ்ஸில், மழை வழியும் ஜன்னலோரம் தோன்றிய யோசனை அது. வீடியோ கேமில் மோதவிடும் என் ஆறு மிருகங்களும் திரையில் மழை பெய்தால் மின்னலாய்ப் பாயும் வகையாயின.

எங்கள் ஊர் கே.கே. நகர் போட்டியில் அரையிறுதி. ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. எதிரே சீருடையில் ஒரு பள்ளி மாணவி. முதல் அடியிலேயே திரையில் பெய்த என் மழையை வெயிலாக்கினாள். திரை பொன்னாய் மின்ன, கனவில் ஓடுவதுபோல் என் மிருகங்கள் தவித்தன. தோற்றேன்.

"என்னோடது மழை டீம்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"காலையிலருந்து எங்கிட்டத் தோத்த எல்லாரும் இதே மழை டீம்தாண்ணே. உங்களுக்குப் பிடிச்ச மிருகம் எது?"

"ஆமை."

"அதைக் காணோமே?"

"மெதுவா நகரும்னு சேர்க்கல."

"அடேயப்பா, அம்புட்டுப் பிரியம்!"

சிரித்தேன்; உள்ளே சுருக்கென்றது. அடுத்த போட்டியில் ஆமைதான் முதலில் இறங்கும். அதன் மெதுநடைக்கேற்ற ஐந்து துணைகளை இனித்தான் தேட வேண்டும்.