பாறை சுரந்த தேங்காயெண்ணெய்

1. சாண் நீளப் பாறை உருளை ஒன்றுக்குள் இருபது மில்லிலீட்டர் எண்ணெயை நானே ஏற்றினேன்.
2. தண்ணீர் பாய்ச்சினேன். பாதி வெளியே வந்தது.
3. மீதிக்காக, தண்ணீரில் பசைபோன்ற பொலிமரைக் கலந்து வெள்ளி மாலை ஓடவிட்டேன்.
4. திங்கட்கிழமை அளவுக் குழாயில் இருபத்திமூன்று மில்லிலீட்டர் எண்ணெய் நின்றது.

கிணற்றில் தானாக ஏறிவரும் எண்ணெய் கொஞ்சம்தான். மீதி பாறைத் துளைகளில் ஒட்டிக்கிடக்கும். அதை வெளியேற்றும் வழிகளை லண்டனில் ஆராய்வது என் படிப்பு. அதற்காகப் பாறை புதிதாக எண்ணெய் சுரக்கக் கூடாது. பேராசிரியர் குழாயைப் பார்த்து, "வாழ்த்துகள், உலகின் எரிபொருள் பிரச்சினை தீர்ந்தது" என்றார். அவர் சிரிக்காததால் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். பிறகுதான் விஷயம் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் கலாநிதிப் பட்டப் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் விசாவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சரித்தால் போதும். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், நான் தங்கியிருக்கும் மாமி வீட்டில், தை மாதம் அதைக் கத்தியால் குத்தி எடுக்க வேண்டும். ஹீட்டரில் வைக்க மாமி விடமாட்டா. "எடி பிள்ளை, உதை அங்கை வையாதை, சுவரெல்லாம் எண்ணெயாப் போம். உன்ரை கம்பஸிலை அடுப்பில்லையே?"

இருந்தது. ஆய்வுகூடத்து மின்னடுப்பு ஓயாமல் சூடாக இருக்கும். போன வாரம், வெள்ளி முழுக்குக்கு உருகட்டும் என்று ஒரு குவளையில் எண்ணெயை அதற்குள் வைத்தேன், மறந்தும் போனேன். செவ்வாயன்று தேடினால் குவளை கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆய்வுகூட உதவியாளர் ஜாக் பெருமையோடு சொன்னார்: "உன் எண்ணெயில் கொஞ்சம் தனியாக இருந்தது. வீணாக்காமல் குழாயில் ஊற்றிவிட்டேன்."

பரிசோதனை எண்ணெயும் நிறமற்றதுதான். குழாயைக் குளிர்பெட்டியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் அடியில் வெள்ளையாகத் திரண்டது. அதைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

"இது என்ன?"

"நான் தலைக்கு வைப்பது."

என் பின்னலை நெடுநேரம் பார்த்தார். "அங்கிருந்து எவ்வளவு திரும்ப எடுக்கலாம்?"

"சீயாக்காய் போட்டால் முழுவதும்."

இம்முறை சிரித்தார்.

மாமிக்குத்தான் கோபம். "விசாவுக்கு வினை எண்டு தெரிஞ்சா நானே உருக்கித் தந்திருப்பனே!"

இப்போதைய நிலவரம்: பதிவு கிடைத்துவிட்டது. பரிசோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். எண்ணெய்ப் போத்தல் மாமியின் ஹீட்டரில், மூன்றாக மடித்த பேப்பரின் மேல் நிற்கிறது. குழாயை ஜாக் எறியவில்லை. குளிரில் இரண்டு எண்ணெயும் பிரிந்து நிற்கின்றன. வெளியே எடுத்துவைத்தால், எது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரிவதில்லை.