சாம்பிராணி படிந்த வலை

அன்று காலையில் ஏ.சி. குளிரவில்லை. இரைச்சல் மட்டும் வந்தது.

ரயில்வேயில் இருந்த சுந்தராம்பாளின் கணவர் பக்கவாதத்தில் படுத்தபோது, மஸ்கட்டிலிருந்த மகன் சேகரன் பணம் அனுப்பி ஜன்னலில் மாட்டச் சொன்னது அது. கணவர் போய் ஒன்றரை வருஷமாகிறது. இப்போது தனியாக இருப்பவள், சித்திரைப் புழுக்கத்துக்குப் போட்டுக்கொள்வாள்.

குளிரவில்லை என்றதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். மெக்கானிக் மஞ்சுநாத் வருவார். மண்டி மொஹல்லாவில் கடை வைத்திருப்பவர். வந்தால் வேலை பாதி, பேச்சு பாதி. தன் மாமியார் கதையைக் கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்த வீட்டில் இரண்டாவது காபி டம்ளரை எடுப்பதே அவர் வரும்போதுதான்.

ஆனால் போன மாதம் ஒரு தப்பு நடந்துபோயிற்று. ஏ.சி. ஓடவில்லை என்று போன் செய்தாள். வெளியூரில், நஞ்சன்கூட்டில் ஒரு வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்த மனிதர், ஸ்டெபிலைசர் சுவிட்சைத் தட்டினார். உடனே ஓடியது.

"ஏனம்மா இது! பெருக்க வந்த தேவம்மா ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கா. இதுக்கா நான் ஸ்கூட்டரை உதைச்சுக்கிட்டு வந்தேன்?" என்று சிரித்தார். "இனிமே போன் போடறதுக்கு மொதல்ல நோடி, நாலு விஷயம் பாருங்க. ஸ்டெபிலைசர்ல லைட் எரியுதா, குமிழ் கூல்ல இருக்கா, கதவு ஜன்னல் சாத்தியிருக்கா, முன்னாடி இருக்கிற வலை சுத்தமா இருக்கா. நாலும் சரின்னா கூப்பிடுங்க, பறந்து வரேன்."

அதனால் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. குமிழ் சரியாக இருந்தது. கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. மூன்றும் சரி என்றானபோது, முருகா, நாலாவதும் சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

முகப்பைக் கழற்றினாள். வலையின் கண்களே தெரியவில்லை. கருப்பாக, மெத்தென்று அப்பியிருந்தது. கணவரின் படம் அந்த அறையில்தான் இருக்கிறது. இரண்டு வேளையும் சாம்பிராணி போடுவாள். புகை அவரிடம் போய்ச் சேருமுன் வெளியே ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிடுவாள். அவ்வளவு புகையையும் மெஷின்தான் குடித்திருக்கிறது.

அப்படியே மூடிவிட்டுப் போன் செய்தால் என்ன? அவரே வந்து கழுவட்டுமே. ஆனால், வலையைப் பார்த்தீர்களா என்று கேட்பார். பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும். வாயால் அப்படியொரு பொய் சொல்லிவிட்டுச் சாயங்காலம் எந்த முகத்தோடு விளக்கேற்றுவது?

குழாயடியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நிழலில் உலர்த்தி மாட்டினாள். கால் மணியில் ஜில்லென்று காற்று வந்தது.

கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு போய்ப் போனைச் சுழற்றி, நான்தான் என்றாள்.

"சொல்லுங்கம்மா, மறுபடி படுத்துடுச்சா?"

"இல்லைங்க. நீங்க சொன்ன நாலையும் பார்த்தேன். வலைதான் அடைச்சிருந்தது. கழுவிப் போட்டேன், இப்ப நல்லா குளிருது."

"பேஷ்! அரை மெக்கானிக் ஆயிட்டீங்க. அப்ப எதுக்கம்மா போன்?"

"சும்மா, சொல்லலாம்னு. உங்க மாமியார் எப்படி இருக்காங்க?"

"ஜோரா இருக்காங்க, என்னைத் திட்டிக்கிட்டு. கடையில ஆள் நிக்கறாங்கம்மா, வெச்சிடட்டுமா?"

"வைங்க."

அவர் வைத்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தாள். அப்புறம் எழுந்துபோய், மதியத்துக்கு ஒருத்திக்கு அளவாக அரை ஆழாக்கு அரிசி களைந்து வைத்தாள்.