துஷ்யந்திக்குத் தேன் கலர் முடி

என் தங்கச்சி புஷ்பத்துக்கு ஒரே மகள் துஷ்யந்தி. எஹலியகொடைக்கு மேலே இருக்கிற எங்கள் றப்பர் தோட்டத்தில் அவளோடு வாதாடி ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. எட்டு வயதில், மழைக்கோட்டு வாங்கித் தராமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மூன்று நாள் லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மழைகூட ஓய்ந்துவிட்டது, அவள் ஓயவில்லை. கோட்டு வந்தது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டவுனில் கடைக்காரன் ஒரு விலை சொன்னால் இவள் அவன் வீட்டு நலமெல்லாம் விசாரிப்பாள். கடைசியில் அவனே வெட்கப்பட்டு விலையைக் குறைப்பான். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள், இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜனவரியில், பதினாறு வயதில், தலைமுடிக்குக் கலர் அடிக்கவேண்டும் என்றாள். தேன் கலராம்.

சும்மா கேட்கவில்லை, யோசித்துத்தான் கேட்டாள். டிசம்பரில் ஓ/எல் பரீட்சை எழுதியாயிற்று. ரிசல்ட் வர ஏப்ரல் கடந்துவிடும். பாஸானால் மேல்வகுப்புக்கு மறுபடியும் வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல். அதற்குள் கறுப்பை அடித்துக்கொள்வாளாம். இடையில் கிடக்கிற நாலு மாதம்தான் அவள் தலை அவளுக்குச் சொந்தமாம். ஃபெயிலானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஃபெயிலானால் உங்களோடு மலைக்கு றப்பர் பால் வெட்ட வரவேண்டியதுதான், அங்கே தலையில் துணி கட்டினால் கலர் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறப்பாள்.

அவள் அப்பா பழனியாண்டி தோட்டத்தில் கங்காணி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று நூறு பேரை மலைக்கு மலை பிரித்து அனுப்புகிற மனுஷன். வீட்டில் மட்டும் ஒரு முடிவும் எடுக்கமாட்டார். மகள் கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டார்.

அம்மா உடனே மறுத்துவிட்டாள். காரணம் இருந்தது. மகள் கணக்குப் பாடத்தில் பாஸாகிவிட்டால் தோட்டத்து மாரியம்மனுக்கு அவள் தலையில் பூமுடி கொடுப்பதாகப் புஷ்பம் நேர்ந்திருந்தாள். மொட்டை இல்லை, மூன்று விரல் அளவு நுனிமுடி மட்டும். ஆனாலும் கொடுக்கும் வரைக்கும் அந்தத் தலைமுடி முழுக்க ஆத்தாவுடையதாம். சாயம் பூசிய முடியை ஆத்தா கையால் தொடுவாளா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எதற்கும் உன் மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். குழந்தையில் முதல் முடி எடுத்தபோது துஷ்யந்தி உட்கார்ந்தது இந்தத் தாய்மாமன் மடியில்தான். என் புது வேட்டியை நனைத்ததும் அப்போதுதான்.

நான் கறாராகச் சொன்னேன். செம்பட்டைக் குரங்கு மாதிரி இருப்பாய், பேசாமல் போ என்று. அவள் கோபப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு புது வழி ஒன்று சொன்னாள். பூமுடியை இப்போதே கொடுத்துவிடலாம். கறுப்பு முடி ஆத்தாவுக்கு, மிச்சம் தனக்கு.

"பாஸ் பண்ண முந்தியே குடுத்தா ஆத்தாவ நெருக்குற மாதிரி இருக்காதாடி?" என்றாள் புஷ்பம்.

"பஸ்ஸுல ஏற முந்தியே ஜன்னலால கைலேஞ்சியப் போட்டு சீட்டுப் புடிக்கிறோமே, அது மாதிரிதாம்மா."

புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பூமுடிக்குச் சரி, கலரைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசாரி சூடம் காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். நான் முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவன். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிவாக இறங்கினால்தான் பால் ஒழுங்காக ஓடும். என் கைக்கு வேறு வெட்டுத் தெரியாது. ஆத்தாவை நினைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தால் முடி ஒரு பக்கம் இடுப்பில் இருக்கிறது, மறுபக்கம் தோள்பட்டைக்கு வந்துவிட்டது.

பழனியாண்டி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "மச்சான், கீழ ஒரு சிரட்டை கட்டுனா பால் வடிஞ்சிரும்" என்றார்.

துஷ்யந்தி பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. டவுன் சலூனுக்குக் கூட்டிப்போய் நேராக்கிக்கொண்டு வருகிறேன் என்று நானே சொன்னேன். நேராக்க மட்டும்தான் என்று புஷ்பம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

சலூன்கார அக்கா சிங்களவர். நேராக்க வேண்டுமானால் தோள் வரைக்கும் எடுக்கவேண்டும் என்றார். எடுத்தார். தரையில் கிடந்த முடியைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை. பிறகு அவர் கலர் அட்டையை நீட்டி, எது வேண்டும் என்று கேட்டார். இவள் தேன் கலரில் விரலை வைத்தாள், வைத்த விரலை எடுத்தாள். வேண்டாம் என்றாள்.

"ஏன் புள்ள?"

"அம்மா இன்னும் சரின்னு சொல்லல மாமா."

ஊரையே பேசி மடக்குகிறவள், என்னை ஏமாற்றிக் காரியம் முடிக்க நல்ல நேரம் வாய்த்தும் செய்யவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழனியாண்டியின் போனுக்கு எடுத்து, தங்கச்சியிடம் கொடுக்கச் சொன்னேன். எனக்கு இவள் மாதிரிப் பேச வராது.

"பாதி முடிய நான் கெடுத்துப்புட்டேன். மிச்சத்தையாவது அவ இஷ்டத்துக்கு விடு."

அந்தப் பக்கம் புருஷனும் பெண்சாதியும் ஏதோ குசுகுசுத்தார்கள்.

"தேனுன்னா ரொம்ப வெளுப்பாத் தெரியும்ண்ணே," என்றாள் புஷ்பம். "அவங்க அப்பா பெரட்டுல தல காட்டணுமாம். கித்துள் பாணிக் கலர் இருக்கான்னு கேளு. அதுன்னா போடட்டும்."

கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற கருஞ்சிவப்புப் பாகுதான் அது; அட்டையில் அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால் அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே குழைக்கத் தொடங்கினார்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தோம். நிழலில் பார்த்தால் பழைய கறுப்பேதான். வெயில் பட்டால் மட்டும் பாணியை விளக்குக்கு முன்னால் பிடித்த மாதிரி மினுங்குகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கடைகளின் நிழல் நல்ல குளிர்ச்சியாகக் கிடந்தது. அவள் ரோட்டைக் கடந்து, உச்சி வெயில் அடிக்கிற பக்கமாகவே நடந்தாள். நானும் வேர்க்க வேர்க்கப் பின்னாலே போனேன்.