தவளைக்கு மொஹிங்கா

ஒன்பது வயதில் நான் ஒரு தவளைக்கு மொஹிங்கா ஊட்டியிருக்கிறேன். அரிசிச் சேவை மிதக்கும் அந்த மீன்குழம்புதான் ரங்கூனில் ஊருக்கெல்லாம் காலை உணவு. தவளைக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை என்ற நியாய உணர்ச்சி.

அப்பாவின் மிட்டாய்க்கடையை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் அது. கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி மட்டுமே. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். அதை எனக்குக் கிடைத்த வரம் என்றே எடுத்துக்கொண்டேன். இருவருமாக அந்தப் பெட்டிக்குள் ஒரு காடு போட்டோம். அடியில் செங்கல் உடைசல், அதன்மேல் அடுப்புக்கரி, மணல், மண். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் படிகளில் சுரண்டிய பாசி, சாக்கடைச் சுவரில் பிடுங்கிய பெரணி. கடைசியாகக் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை. காலையில் கண்ணாடி வேர்த்திருக்கும். மிட்டாய் ஜாடிகளைத் துடைத்த அதே மஞ்சள் துணியால் அப்பா துடைப்பார். நான் சொம்போடு போனால், "ஊத்தாதடா, தெளி. வேரு அழுகிரும்" என்பார்.

தண்ணீர்த் திருவிழா முடிந்து பர்மிய வருஷப் பிறப்பு வந்தது. உயிர்களை விடுவித்தால் புண்ணியம் என்று எல்லாரும் மீன் வாளிகளோடு குளத்துக்குப் போகும் நாள். எதிர்வீட்டு பர்மாக்கார அம்மாள் டோ மியா, பெட்டியைப் பார்த்துவிட்டுத் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "உயிரு அடைச்சு வச்சா வீட்டுக்கு ஆகாது, தம்பி. விட்டுடு. போனது திரும்பி வரும்."

சாமிக்கே அரைக் கும்பிடு போடும் அப்பா, தவளையைப் பால் டின்னில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் லுங்கியைப் பிடித்தபடி அழுதுகொண்டே போனேன்.

"அதுக்கு நீந்தத் தெரியாதுப்பா."

"தவளைக்கா?"

குளத்தில் குதித்த தவளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா காலி டின்னோடு தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தவளைத் துக்கம்தான் என்று நினைத்து, என் அழுகையை நிறுத்திவிட்டு, "வேற புடிச்சுக்கலாம்ப்பா" என்று தேற்றினேன். அவர் என் தலையில் கை வைத்தார். மழைக்காலத்துக்குள் நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டோம்.

பல வருஷம் கழித்து, சென்னையில், அப்பா இல்லாத வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன், கண்ணைத் துடைத்தபடி. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"கடை திரும்பி வரும்னு நம்பிப் போனாருடா அந்த மனுஷன். நீ தவளைக்கு அழுவுறே. நீ போட்ட மொஹிங்காவுக்கு அது இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்காது."