ஆனேக்கல் போன மருமகளும் அசையாத வளையலும்

வளைகாப்பு முடிந்து மருமகளை ஆனேக்கல்லில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் வாசலில் நர்ஸம்மா வந்து நின்றார். மாசமாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர். போன தடவையே மருமகளுக்குப் பிரஷர் ஏறுகிறது என்று கவலைப்பட்டவர். கன்னடத்தில் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அஜ்ஜி என்பார்.

"அஜ்ஜி, எங்க உங்க மருமக?"

"பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றதும், "போன் போடுங்க, முகம் தெரியறாப்ல" என்றார்.

போனில் மருமகளின் முகம் உப்பித் தெரிந்தது. தலை வலிக்கிறது என்றாள். "கையத் தூக்கி ஆட்டும்மா" என்றார் நர்ஸம்மா. ஆட்டினாள். நேற்று நான் போட்டபோது கலகலவென்று ஓடிய கண்ணாடி வளையல்கள் ஒட்டவைத்தது போல நின்றன.

"கை வீங்கிடுச்சு அஜ்ஜி. இப்பவே ஆஸ்பத்திரி போகணும். லேட் பண்ணா ஃபிட்ஸ் வரும். ரெண்டு உயிர்."

மருமகளிடமிருந்து போனை வாங்கிய அவள் அம்மாவிடம், "சம்பந்தி, உடனே ஆட்டோ புடிங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

அந்தம்மா சிரித்தார். "ஆரம்பிச்சிட்டீங்களா? நேத்துதான் வெளையாட்டுக்கு ரெட்டப் புள்ளன்னு சொல்லி என்னை அலறவச்சீங்க."

"இது நெசம் சம்பந்தி."

"ஒரு நாள் மருமக இல்லாம இருக்க முடியலயா? சமைக்க ஆள் இல்லையா?"

ஊரையே சிரிக்கவைத்த வாய் என்னுடையது. அன்று அதைச் சம்பந்தி நம்பவில்லை. போனை நர்ஸம்மா கையில் திணித்தேன். கன்னடமும் தமிழும் கலந்து ஒரு அதட்டு அதட்டினார். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஆட்டோ! ஆட்டோ!" என்று கத்துவது கேட்டது.

நானும் ஆனேக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அது சிக்னலுக்கு சிக்னல் நின்றது. உட்கார முடியாமல் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"உக்காருங்க அஜ்ஜி, நீங்க நின்னா பஸ் பறக்குமா?" என்றார் கண்டக்டர்.

போன் அடித்தது. மருமகள்.

"அத்தே, அட்மிட் பண்ணிட்டாங்க. ஊசி போட்டாங்க. சோப்பு தடவி வளையலக் கழட்டிட்டாங்க. பிரசவத்துக்கு முன்னாடி கழட்டக் கூடாதுன்னு அம்மா அழுவுறாங்க."

"கொழந்த?"

"துடிப்பு நல்லா இருக்காம்."

வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"கைய ஆட்டுடி" என்றேன்.

"வளையலே இல்லையே அத்தே."

"அப்ப பேசிக்கிட்டே இரு. பஸ் வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சத்தம் கேக்கணும்."